முதல் வகுப்பிலேயே ஆட விடுங்கள்

சேலத்தில் ஏப்ரல் பிறந்துவிட்டால் டென்னிஸ் கோச்சிங் கேட்டு வருகிற பெற்றோர் கூட்டம் கூடிவிடும். புது மட்டை, புது ஷூ, தொப்பி எல்லாம் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் அவர்களில் பெரும்பாலானோரைக் காண முடியாது. காரணம் கேட்டால் வெயில், டியூஷன், தூரம் என்பார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் நான் பார்த்த வரையில் பெரிய காரணம் இன்னொன்று இருக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் அந்தப் பிள்ளை ஒரு நாள்கூட டென்னிஸ் ஆடியிருக்காது.

ஆடாமல் என்ன செய்தது? வரிசையில் நின்றது. கோச் கூடையில் பந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போடுவார். வரிசையில் முதலில் நிற்கிற பிள்ளை அடித்துவிட்டுப் பின்னால் போய் நிற்கும். 12 பேர் வரிசை என்று வையுங்கள், ஒரு பந்துக்கு 5 நொடி. ஒரு பிள்ளைக்கு நிமிடத்துக்கு ஒரு பந்துதான் கிடைக்கும். அந்த ஒரு பந்தும் நெட்டில் பட்டால் இன்னொரு நிமிடம் காத்திருக்க வேண்டும். இடையில் கூடை காலியானால் எல்லாரும் பந்து பொறுக்கப் போக வேண்டும். எதிரில் நின்று பந்தைத் திருப்பி அடிக்க ஒரு ஆள் கிடையாது, பாயின்ட் கிடையாது, ஜெயிப்பும் தோற்பும் கிடையாது. இதே பிள்ளை தெருவில் கிரிக்கெட் ஆடப் போனால் அன்றைக்கே பேட்டிங், பவுலிங், சண்டை எல்லாம் கிடைத்துவிடுகிறது.

இந்த மாவட்டத்தில் புதிதாக கோச்சிங் கொடுக்க வருகிறவர்களுக்கும் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் தொடக்கநிலைப் பயிற்சி எடுப்பது என் வேலை. அவர்களிடம் நான் முதலில் பேசுவது ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் பற்றி இல்லை. பந்தைப் பற்றித்தான் பேசுவேன்.

கடையில் வாங்குகிற வழக்கமான மஞ்சள் பந்துக்கு விதிப்புத்தகத்தில் ஓர் அளவு இருக்கிறது. 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை அது எழும்ப வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையின் உயரம் சுமார் 125 செ.மீ. தான். நல்ல உயரத்தில் நெட்டைத் தாண்டி வருகிற மஞ்சள் பந்து குத்தி எழும்பினால் அந்தப் பிள்ளையின் தோளுக்கு மேலே, சில நேரம் தலைக்கு மேலேயே போகும். இடுப்பு உயரத்தில் வந்தால் சுலபமாக அடிக்கக்கூடிய பந்தைத் தலைக்கு மேலே எட்டி அடிக்க வேண்டியதாகிறது. அதற்காக மணிக்கட்டை முறுக்கி, மட்டையின் பிடியைத் திருகிப் பிடிக்கப் பழகிவிடுகிறது. இரண்டு வருடம் கழித்து, 'பிடி தப்பாக இருக்கிறது' என்று அதே பிள்ளையைத் திட்டுகிறோம்.

உலக அளவில் இதைச் சரிசெய்யும் முயற்சி எப்போதோ தொடங்கிவிட்டது. 1913-இல் பாரிஸில் தொடங்கிய சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு, அதாவது ஐடிஎஃப், 2007-இல் 'பிளே அண்ட் ஸ்டே' என்ற இயக்கத்தைக் கொண்டுவந்தது. சர்வ் போடு, ராலி ஆடு (அதாவது பந்தை விடாமல் மாறி மாறி அடி), ஸ்கோர் எண்ணு: முதல் வகுப்பிலேயே இந்த மூன்றும் நடக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அதற்காக சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று மூன்று வகை மெதுவான பந்துகள் உண்டு. மஞ்சள் பந்தோடு ஒப்பிட்டால் சிவப்பு சுமார் 75 சதவீதமும், ஆரஞ்சு 50 சதவீதமும், பச்சை 25 சதவீதமும் வேகம் குறைந்தவை. 2012 ஜனவரியிலிருந்து 10 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக்கூடாது என்று விளையாட்டு விதியையே மாற்றிவிட்டார்கள். இத்தனை வருடம் ஆகியும் நம் ஊரில் பல கோர்ட்டுகளில் ஆறு வயதுப் பிள்ளைக்கு மஞ்சள் பந்துதான் விழுகிறது. எனக்கு இது தாங்க முடியாத விஷயமாக இருக்கிறது.

சிவப்பு பந்து 254 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்தால் 90 முதல் 105 செ.மீ. தான் எழும்பும். ஆரஞ்சு 105 முதல் 120 வரை. இதைச் சரிபார்க்க லேப் எதுவும் வேண்டாம். பள்ளிச் சுவரில் சாக்பீஸால் 254, 147, 135, 120, 105, 90 என்று கோடு போடுங்கள். ஸ்டூலில் ஏறி நின்று பந்தை விடுங்கள், இன்னொருவர் உட்கார்ந்து எதுவரை எழும்புகிறது என்று பார்க்கட்டும். வண்ணப் பந்து கிடைக்கவில்லை என்றால், அழுத்தம் போன பழைய மஞ்சள் பந்தில் 105 செ.மீ. கோட்டைத் தாண்டாதவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். சிவப்பு பந்து இதைவிட லேசானது. பழைய மஞ்சள் பந்தின் எடை அப்படியேதான் இருக்கும், அதனால் கைக்குக் கொஞ்சம் கனமாகத் தெரியும். இருந்தாலும் புதுப் பந்துக்கு இது எவ்வளவோ மேல்.

மட்டையும் அப்படித்தான். பெரியவர்களின் மட்டை 27 அங்குலம். சிவப்பு பந்து ஆடுகிற பிள்ளைக்கு 17 முதல் 23 அங்குலத்துக்குள் போதும். 'வளர்ந்தாலும் உதவுமே' என்று பெரிதாக வாங்கித் தராதீர்கள். சட்டையைத்தான் அப்படி வாங்கலாம்.

அடுத்தது இடம். 'எங்க ஸ்கூல்ல டென்னிஸ் கோர்ட் இல்லையே சார்' என்பதுதான் உடற்கல்வி ஆசிரியர்கள் எல்லாரும் சொல்வது. வாலிபால் கோர்ட் இருக்கிறதா என்று கேட்பேன். சேலம் மாவட்டத்தில் வாலிபால் கோர்ட் இல்லாத மேல்நிலைப்பள்ளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வாலிபால் கோர்ட் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். ஆரஞ்சு பந்துக்கான டென்னிஸ் கோர்ட்டின் நீளமும் ஏறத்தாழ அதே 18 மீட்டர்தான். அகலத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கோடு போட்டால் முடிந்தது. ஷட்டில் கோர்ட் 13.4-க்கு 6.1 மீட்டர். சிவப்பு பந்துக்கு அதிகபட்சம் 12.8-க்கு 6.1 போதும் என்பதால் அதிலேயே ஆடிவிடலாம். நெட்டை மட்டும் 80 செ.மீ. உயரத்துக்கு இறக்கிக் கட்ட வேண்டும். ஒரு முழு டென்னிஸ் கோர்ட் இருந்தால் அதை நான்கு சிவப்பு கோர்ட்டாகக் குறுக்கே பிரித்துவிடலாம். நெட்டுக்குப் பதில் கயிறு கட்டினாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

ஏற்காட்டுக்கு வந்தால் கதை கொஞ்சம் மாறுகிறது, அதை விவரமாகச் சொல்ல வேண்டும். மலையில் பழைய விடுதிப் பள்ளிகளில் டென்னிஸ் ஆடுகிற வழக்கம் உண்டு. அங்கே கோச்சிங் கொடுக்கப் போகிற இளைஞர்கள் சேலத்தில் பந்து டப்பா வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் 20 கொண்டை ஊசி வளைவையும் தாண்டி மேலே போவதற்குள் எப்படி உப்பிப்போகிறதோ, அதே காரணத்தால்தான் டென்னிஸ் பந்தும் மேலே மாறி நடந்துகொள்கிறது. பந்துக்குள் அடைத்த காற்றின் அழுத்தம் அப்படியே இருக்க, வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிடுகிறது. அதனால் பந்து விறைத்து, சேலத்தில் எழும்பியதைவிட உயரமாக எழும்புகிறது. காற்றும் மெலிந்திருப்பதால் பறக்கும்போது வேகம் கீழே குறைகிற அளவுக்குக் குறைவதில்லை. கோட்டுக்குள் விழ வேண்டிய பந்து பின்வேலியில் போய் முட்டும்.

இதற்கும் விதியில் இடம் இருக்கிறது. 1,219 மீட்டருக்கு, அதாவது 4,000 அடிக்கு மேலே ஆடும்போது மலை உயரத்துக்கென்றே செய்த தனிப் பந்தைப் பயன்படுத்தலாம். கடல் மட்டத்தில் சோதித்தால் அது 122 முதல் 135 செ.மீ. வரைதான் எழும்பும். உள்ளழுத்தம் இல்லாத பந்தையும் பயன்படுத்தலாம். ஆனால் போட்டி நடக்கிற உயரத்திலேயே அதை 60 நாள் வைத்திருந்து பழக்க வேண்டும். இந்தப் பந்துகளுக்கெல்லாம் நம் பக்கத்துக் கடைகளில் அலைய வேண்டாம். பச்சைப் பந்தின் அளவு 120 முதல் 135 செ.மீ. அதாவது மலைப் பந்துக்குக் கிட்டத்தட்ட அதே துள்ளல். அதனால் ஏற்காட்டில் புதிதாக ஆட வருகிற பெரியவர்களுக்கும் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் பச்சையிலேயே தொடங்கச் சொல்கிறேன். கீழே பச்சை ஆடுகிற வயதுப் பிள்ளைக்கு மேலே ஆரஞ்சு. மலையில் எதிலும் ஒரு படி மெதுவான பந்தில் தொடங்குவது நல்லது. இது விதிப்புத்தகத்தில் இல்லை, என் அனுபவத்தில் சொல்கிறேன்.

ஏற்காடு மலையிலேயே நாகலூர் போன்ற ஊர்களின் பள்ளிகளில் மண் தரைதான் இருக்கும், அதுவும் சரிவாக. அங்கே பந்து ஒழுங்காக எழும்பாது. ஸ்பாஞ்ச் பந்தைக் கொடுத்து, தரையில் படாமலேயே கயிற்றுக்கு மேலாக மாற்றி மாற்றி அடிக்க விடுங்கள். பனி மூட்டத்தில் ஈரமான சிமெண்ட் தரையில் மட்டும் யாரையும் ஓட விடாதீர்கள்.

சரி, கோச்சுகள் விஷயத்துக்கு வருவோம். நம் ஊர்களில் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் இரண்டு வழியாக வருகிறார்கள். ஒரு பக்கம் கிளப்புகளில் மார்க்கராக, அதாவது உறுப்பினர்களோடு ஆடிக்கொடுக்கிற ஊழியராக இருந்து கோச் ஆனவர்கள், இன்னொரு பக்கம் உடற்கல்வி ஆசிரியர்கள். மார்க்கராக இருந்தவருக்கு இருக்கிற கை லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் இருக்கும். எந்தப் பந்தையும் எதிராளி அடிக்க வசதியான இடத்தில் போடுவார். அந்தத் திறமையினாலேயே வகுப்பிலும் எல்லாப் பந்தும் அவர் மட்டையிலிருந்தே வர வேண்டும் என்று ஆகிவிடுகிறது. பிள்ளைகளின் பந்து பிள்ளைகளின் மட்டைக்கே போகிற மாதிரி வகுப்பை அமைப்பதுதான் அவர் கற்க வேண்டியது. உடற்கல்வி ஆசிரியருக்கு வகுப்பை நடத்தத் தெரியும், நாற்பது பேரைச் சமாளிப்பார். டென்னிஸ் மட்டும்தான் தெரியாது. தொடக்கநிலைக்கு இவர் சீக்கிரம் தயாராகிவிடுவார் என்பது என் அனுபவம்.

ஐடிஎஃப் பயிற்சித் திட்டத்தில் முதலில் 'பிளே டென்னிஸ்' என்ற அடிப்படை வகுப்பு. அதற்கு மேலே லெவல் 1, தொடக்க, இடைநிலை ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி தருகிறவர்களுக்கானது. லெவல் 2 முன்னேறிய ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு, லெவல் 3 உயர்மட்டப் போட்டியாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு. நம் நாட்டில் அகில இந்திய டென்னிஸ் சங்கம் கோச்சுகளுக்கான வகுப்புகளை நடத்துகிறது. எல்லாரும் மேல் லெவலுக்கே ஓடப் பார்க்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளையின் முதல் கோச்தான் அந்தப் பிள்ளை டென்னிஸில் இருக்குமா போய்விடுமா என்று தீர்மானிக்கிறார். நம் நாட்டு டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார், 1960-லும் 1961-லும் அங்கே அரையிறுதி வரை போனார். அவருக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அப்பா டி.கே. ராமநாதன்.

முதல் வகுப்பு எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பிரிப்போம். முதலில் பந்தைத் தரையில் உருட்டி மட்டையால் நிறுத்துவார்கள். அப்புறம் கயிற்றுக்கு மேலாகக் கையால் வீசி, ஒரு குத்து குத்தியதும் பிடிப்பார்கள். அப்புறம் ஒருவர் வீச, இன்னொருவர் மட்டையால் தட்டித் தருவார். பிறகு இருவரும் மட்டையால். சர்வ் என்றால் கீழ்க்கையால் தட்டிவிட்டாலே போதும். எத்தனை முறை விடாமல் போய் வருகிறது என்று சத்தமாக எண்ணச் சொல்வோம். பக்கத்து ஜோடி எட்டு என்று கத்தினால் இவர்கள் ஒன்பதுக்கு முயல்வார்கள், யாரும் தூண்டத் தேவையில்லை. கடைசிப் பத்து நிமிடம் ஏழு பாயின்ட் டை-பிரேக், அதாவது ஒன்று, இரண்டு என்று எண்ணி ஏழு பாயின்ட் வரை ஆடுவது. டென்னிஸின் 15, 30, 40 என்ற பாயின்ட் கணக்கெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த நேரத்தில் கோச் கோர்ட்டுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். புதியவர்களுக்கு இதுதான் மிகவும் கஷ்டம். சும்மா நிற்பது போலத் தோன்றும், காசு கொடுத்த பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று கூச்சமாக இருக்கும். ஆனால் அங்கே நின்றால்தான் எந்தப் பிள்ளை பந்துக்கு லேட்டாகப் போகிறது, எது பயந்து கண்ணை மூடுகிறது என்று தெரியும். ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு திருத்தம் சொன்னால் போதும். கையைப் பிடித்துத்தான் காட்ட வேண்டும் என்றால் முதலில் பிள்ளையிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள், பெற்றோர் பார்க்கிற இடத்தில் நின்று செய்யுங்கள். பெண் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கேட்கத் தயங்குவார்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல், சேர்க்கும்போதே நீங்கள் சொல்லிவிடுங்கள்.

கோச் ஆக நினைக்கிறவர்களுக்கு ஐடிஎஃப் அகாடமி என்ற இணையதளத்தில் இலவசப் பாடங்களும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம், படங்களும் வீடியோக்களும் நிறைய உதவும். பார்த்ததை மறுநாளே உங்கள் பள்ளியின் வாலிபால் கோர்ட்டில் நான்கு பிள்ளைகளோடு செய்து பாருங்கள். சேலத்தில் கோடைக்காலம் என்றால் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேலை. பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பு முழுக்க வெளியே உட்கார்ந்து பாருங்கள். இன்னொரு பிள்ளை அடித்த பந்தை ஒரு பிள்ளை எத்தனை முறை திருப்பி அடிக்கிறது என்று எண்ணுங்கள். பந்து என்ன நிறம் என்று பாருங்கள். முடிந்ததும் மாஸ்டரிடம் போய், 'என் பிள்ளை எப்போது மேட்ச் ஆடுவான்?' என்று கேளுங்கள். 'இன்றைக்கே' என்று சொல்கிறவரிடம் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.