மாங்காய் லாரி டோக்கனை வைத்து மொத்தத்தைக் கண்டுபிடிப்பது: புள்ளியியல் கணக்கை ஆர் மென்பொருளில் ஓட்டிப் பார்க்கலாம்

ஜூன், ஜூலை வந்தால் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலை வாசலில் லாரியும் டிராக்டரும் வரிசை கட்டி நிற்கும். பெங்களூரா ரகம் மொத்தமாக இறங்கும் நேரம் அது. ஒரு ஆலையில் காலையிலிருந்து வரும் வண்டிகளுக்கு 1 முதல் வரிசையாக டோக்கன் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் அங்கங்கே உங்கள் கண்ணில் பட்ட ஐந்து வண்டிகளின் டோக்கன் எண்கள் 12, 19, 31, 40, 142. அப்படியானால் அன்றைக்கு மொத்தம் எத்தனை வண்டிகளுக்கு டோக்கன் போயிருக்கும்?

கணிதப் புள்ளியியல் படிக்கிற எல்லோருக்கும் நான் முதலில் கொடுக்க விரும்பும் பயிற்சிக் கணக்கு இதுதான். தாளில் போடலாம், கணினியிலும் ஓட்டலாம், இரண்டையும் செய்தால்தான் சூத்திரம் எதற்காக அப்படி இருக்கிறது என்பது உள்ளே இறங்கும். ஒரு நிபந்தனை: அந்த ஐந்து வண்டிகளும் சமவாய்ப்பில் கண்ணில் பட்டிருக்க வேண்டும். வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் ஐந்தை எடுத்தால் கீழே சொல்வது எதுவும் செல்லாது.

முதலில் தோன்றும் வழி சராசரி. 1 முதல் கடைசி எண் வரை உள்ள எல்லா எண்களின் சராசரி, மொத்தத்தோடு ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கியது. அப்படியானால் கையில் உள்ள ஐந்தின் சராசரியை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் மொத்தம் கிடைக்க வேண்டும். நம் எண்களின் கூட்டல் 244, சராசரி 48.8, விடை 96.6. அதாவது ஏறக்குறைய 97 வண்டி. ஆனால் 142-ஆம் டோக்கனைக் கண்ணாலேயே பார்த்தாயிற்றே! 142 போட்ட வண்டி ரோட்டில் நிற்கும்போது மொத்தமே 97 என்று சொல்லும் சூத்திரத்தை என்ன செய்வது?

இத்தனைக்கும் பாடப்புத்தகக் கணக்கின்படி இந்தச் சூத்திரத்தில் தவறு ஏதும் இல்லை. திரும்பத் திரும்ப ஐந்து ஐந்தாக எடுத்து விடைகளைச் சராசரி பார்த்தால் சரியான மொத்தத்தில்தான் வந்து நிற்கும், அதாவது இதற்கு ஒரு பக்கமாகச் சாயும் குணம் கிடையாது. அப்படியும் ஒரு தனிப்பட்ட நாளில் நடக்கவே முடியாத விடையைச் சொல்கிறது என்றால், கையில் இருக்கும் தகவலில் எதையோ அது வீணாக்குகிறது.

இரண்டாவது வழி பெரிய எண்ணைப் பிடித்துக்கொள்வது. 142 வரைக்கும் உள்ள எண்களில் ஐந்தைப் பார்த்துவிட்டோம், 137 எண்கள் கண்ணில் படவில்லை. அந்த 137-உம் ஐந்து இடைவெளிகளாகக் கிடக்கின்றன: 12-க்குக் கீழே ஒன்று, 12-க்கும் 19-க்கும் நடுவே ஒன்று, இப்படியே 142-க்கு முன்னால் வரை. ஒரு இடைவெளிக்குச் சராசரியாக 27.4. எண்கள் சமவாய்ப்பில் வந்தவை என்பதால் 142-க்கு மேலே உள்ள ஆறாவது இடைவெளியும் சராசரியில் மற்ற ஐந்தைப் போலத்தான் இருக்க வேண்டும், அதற்கு மட்டும் தனிச்சலுகை எதுவும் இல்லை. ஆக 142-உடன் 27.4 சேர்த்தால் 169.4. இதுவும் சாய்வில்லாத சூத்திரம்தான், தவிர கண்ணால் பார்த்த டோக்கனுக்குக் குறைவாக ஒருநாளும் சொல்லாது.

இது வெறும் வகுப்பறைக் கணக்கு இல்லை. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் புள்ளியியலாளர்கள் கைப்பற்றப்பட்ட ஜெர்மன் டாங்குகளின் கியர் பெட்டி போன்ற பாகங்களில் இருந்த வரிசை எண்களை வைத்து இதே போக்கில்தான் உற்பத்தியைக் கணித்தார்கள். 1942 ஆகஸ்ட் மாதத்துக்கு உளவுத்துறை சொன்னது 1,550 டாங்குகள், வரிசை எண் கணக்கு சொன்னது 327. போருக்குப் பிறகு ஜெர்மனியின் ஆவணங்களைப் புரட்டியபோது உண்மை எண் 342.

சரி, இப்போது கணினிக்கு வருவோம். ஆர் என்பது காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளக்கூடிய புள்ளியியல் மென்பொருள். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990-களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது, முழுமையான முதல் பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வந்தது. பழைய லேப்டாப்பிலேயே நன்றாக ஓடும், இந்தக் கணக்குக்கு அதுவே தாராளம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். உண்மையான மொத்தம் 180 என்று நாமே வைத்துக்கொள்கிறோம். 'சாம்பிள்' கட்டளையிடம் 1 முதல் 180 வரை உள்ள எண்களில் ஐந்தை எடுக்கச் சொல்கிறோம். அந்த ஐந்தையும் இரண்டு சூத்திரத்திலும் போட்டு இரண்டு விடைகளை எழுதி வைக்கிறோம். இதையே 'ரெப்ளிகேட்' கட்டளையால் பத்தாயிரம் தடவை செய்யச் சொல்கிறோம். எண்டர் தட்டி மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். இரண்டு சூத்திரத்துக்கும் விடைகளின் சராசரி 180-ஐ ஒட்டியே வரும், ஆனால் 'எஸ்டி' கட்டளையால் திட்ட விலக்கம் (விடைகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவு) பார்த்தால் சராசரிச் சூத்திரத்துக்கு ஏறக்குறைய 46, பெரிய எண் சூத்திரத்துக்கு ஏறக்குறைய 30. விடைகளை ஹிஸ்டோகிராம் போட்டால் ஒன்று அகலமாகப் பரந்து கிடக்கும், மற்றது பெரும்பாலும் 142-க்கும் 215-க்கும் நடுவே நெருக்கி நிற்கும். தாளில் பரவற்படியை, அதாவது திட்ட விலக்கத்தின் வர்க்கத்தை, கணக்கிட்டால் முதலாவது 2,112, இரண்டாவது 905. இரண்டின் வர்க்கமூலத்தையும் எடுத்துப் பாருங்கள், திரையில் பார்த்த அதே எண்கள்.

பலர் இந்த இடத்தோடு மூடி வைத்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம். கணக்கின் உயிர் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. பத்தாயிரத்தை ஒரு லட்சம் தடவையாக்கி ஓட்டுங்கள். அந்த லட்சத்தில் பெரிய எண் சரியாக 142 ஆக வந்த ஓட்டங்களை மட்டும் தனியே பிரித்தெடுங்கள், ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். அந்த ஆயிரத்துச் சொச்சத்திலும் சராசரிச் சூத்திரம் என்னென்ன சொன்னது என்று பாருங்கள்: 97 இருக்கும், 150 இருக்கும், 220-உம் இருக்கும். இப்போது அவற்றின் சராசரியை எடுங்கள், 169-ஐ ஒட்டி வந்து நிற்கும். பெரிய எண் சூத்திரம் தந்த அதே 169.4!

ஏன் அப்படி வருகிறது? பெரிய எண் 142 என்று தெரிந்த பிறகு மீதி நான்கு எண்களும் 1 முதல் 141 வரை எங்கே விழுந்தன என்பது மொத்தம் 180-ஆ, 300-ஆ என்பதைப் பொறுத்ததே இல்லை. அந்த நான்கும் மொத்தத்தைப் பற்றி நமக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை. சராசரிச் சூத்திரம் அந்த நான்கையும் கணக்கில் சேர்த்துக்கொள்வதால் வெறும் இரைச்சல் உள்ளே வருகிறது. 2,112-க்கும் 905-க்கும் உள்ள வித்தியாசம் 1,207 இருக்கிறதே, அது முழுக்க அந்த இரைச்சல்தான். இரைச்சலைச் சராசரி எடுத்து வடித்துவிட்டால் நல்ல சூத்திரம் தானாக வெளியே வருகிறது.

இதைப் பொதுவான தேற்றமாகச் சொன்னவர் கர்நாடகத்தின் ஹடகலியில் பிறந்த சி. ஆர். ராவ். கல்கத்தாவில் இருந்தபோது 1945-இல் வெளியிட்ட ஒரே கட்டுரையில் இதையும் சொன்னார், சாய்வில்லாத எந்தச் சூத்திரமும் எவ்வளவு துல்லியத்துக்கு மேல் போக முடியாது என்ற எல்லையையும் சொன்னார். 1947-இல் அமெரிக்காவில் டேவிட் பிளாக்வெல் தனியாக அதே முடிவுக்கு வந்ததால் ராவ்-பிளாக்வெல் தேற்றம் என்கிறோம். தேர்வுக்காக இதன் நிரூபணத்தை மனப்பாடம் செய்கிறவர்கள் ஒரு தடவை அந்த ஆயிரம் ஓட்டங்களைப் பிரித்துப் பார்த்துவிட்டால் மனப்பாடத்துக்கே வேலை இருக்காது.

பயிற்சியில் இடறிவிடும் சில இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஆரில் 'சாம்பிள்' கட்டளை எடுத்த எண்ணைத் திரும்பப் போடாது, ஆனால் பைதான் என்ற நிரல்மொழியின் 'நம்பை' நூலகத்தில் பழைய 'சாய்ஸ்' கட்டளை, வேண்டாம் என்று நாம் சொல்லாவிட்டால், திரும்பப் போட்டுத்தான் எடுக்கும், ஒரே டோக்கன் இரண்டு வண்டிக்கு வந்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் பரவற்படி. நான்கு மாங்காய்களின் எடை 410, 380, 450, 440 கிராம் என்று கொடுத்தால் ஆர் 1,000 என்று சொல்லும், நம்பை 750 என்று சொல்லும். விலக்கங்களின் வர்க்கக் கூட்டல் இரண்டிலும் 3,000தான், ஆர் அதை 3-ஆல் வகுக்கிறது, நம்பை 4-ஆல் வகுக்கிறது. நான்கு காயை வைத்துத் தோப்பையே கணிப்பதானால் 3-ஆல் வகுப்பதுதான் சாய்வில்லாத வழி.

கணினி தரும் சமவாய்ப்பு எண்களும் ஒரு கணக்கிலிருந்து பிறப்பவையே. ஆர் வழக்கமாகப் பயன்படுத்துவது மெர்சென் ட்விஸ்டர் என்ற முறை, ஜப்பானியர்களான மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் உருவாக்கியது. தொடக்க எண்ணை 'செட் சீட்' கட்டளையால் கொடுத்துவிட்டால் யார் ஓட்டினாலும் அதே எண்கள் வரும், அதனால் உங்கள் விடையை நண்பரின் விடையோடு ஒப்பிட முடியும். ஆனால் 2019-இல் வந்த 3.6.0 பதிப்பில் 'சாம்பிள்' கட்டளை எண் எடுக்கும் விதத்தை மாற்றிவிட்டார்கள். அதற்கு முந்தைய புத்தகத்தில் உள்ள விடை உங்களுக்கு வராவிட்டால் கணக்கு தப்பு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

எத்தனை தடவை ஓட்டுவது என்பதற்கும் கணக்கு உண்டு. திட்ட விலக்கம் 30 என்றால் பத்தாயிரம் ஓட்டங்களின் சராசரியில் 0.3 அளவுக்குப் பிழை இருக்கும், 180-க்குப் பதில் 179.6 வந்தால் கலங்க வேண்டியதில்லை. அந்தப் பிழையைப் பாதியாக்க ஓட்டங்களை நான்கு மடங்காக்க வேண்டும்.

இப்படி ஓட்டிப் பார்ப்பது கணினி வந்த பிறகு பிறந்த பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடது நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 கூறுகள் எடுத்தார். நான்கே நான்கு அளவுகளை வைத்துச் சராசரியை எவ்வளவு நம்பலாம் என்பதற்குத் தான் கண்டுபிடித்த சூத்திரம் சரிதானா என்று அந்த அட்டைகளை வைத்துச் சோதித்தார். 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் அவர் வெளியிட்டதிலிருந்துதான் நாம் தேர்வறைக்குக் கொண்டுபோகும் டி அட்டவணை வளர்ந்தது.

அவர் செய்ததையே நம் நான்கு மாங்காய்க்குச் செய்யலாம். சராசரி 420 கிராம், திட்ட விலக்கம் 31.6. நான்கு காயின் சராசரியில் இருக்கும் பிழைக்கு அதை 4-இன் வர்க்கமூலமான 2-ஆல் வகுக்க வேண்டும், 15.8. பழக்கதோஷத்தில் அதை 1.96-ஆல் பெருக்கினால் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (நூற்றுக்கு 95 தடவை உண்மைச் சராசரியைப் பிடிக்க வேண்டிய வரம்பு) 389 முதல் 451 வரை. டி அட்டவணையின் 3.182-ஐப் போட்டால் 370 முதல் 470 வரை. எது சரி? இயல்நிலைப் பரவலிலிருந்து (மணி வடிவப் பரவல்) நான்கு எண்களை எடுப்பது, இடைவெளி போடுவது, உண்மைச் சராசரி அதற்குள் விழுந்ததா என்று குறிப்பது, இதைப் பத்தாயிரம் தடவை ஓட்டுங்கள். 1.96 வைத்த இடைவெளி 95 என்று வாக்குக் கொடுத்துவிட்டு 85.5 சதவீதம்தான் பிடிக்கும், 3.182 வைத்தது 95-ஐத் தொடும்.

ஆனால் டி-யும் எல்லா இடத்துக்கும் செல்லாது. ஒகேனக்கல் நீர்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல நாட்கள் சில ஆயிரம் கன அடியில் போய்க்கொண்டிருக்கும், கர்நாடக அணைகளில் திறந்துவிட்டால் திடீரென்று லட்சத்தைத் தாண்டும். இப்படி ஒரு பக்கம் நீளமாக இழுபடும் பரவலுக்கு எளிய மாதிரியாக அடுக்குக்குறிப் பரவலிலிருந்து பத்துப் பத்து எண்களாக எடுத்து ஓட்டினால், டி இடைவெளியே ஏறக்குறைய 90 சதவீதம்தான் பிடிக்கும். நிஜ ஆற்றில் நேற்றைய வரத்தும் இன்றைய வரத்தும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் நிலைமை இன்னும் மோசம்.

கடைசியாக டோக்கனில் ஒரு திருகல். ஆலைக்காரர் 1-லிருந்து ஆரம்பிக்காமல் முந்தின நாள் விட்ட எண்ணிலிருந்து தொடர்கிறார், ஆரம்ப எண் நமக்குத் தெரியாது. இப்போது மேலேயும் ஒரு இடைவெளி தெரியாது, கீழேயும் ஒன்று தெரியாது. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்து, ஐந்து வண்டிக்கு 6-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்து, ஒன்றைக் கழிக்க வேண்டும். அதே ஐந்து எண்களுக்கு விடை 194. இதையும் மொத்தம் 180 என்று வைத்து ஓட்டிப் பாருங்கள், 30 ஆக இருந்த திட்ட விலக்கம் 48-க்குப் பக்கம் போய்விடும்.