மீடியா குவரியில் பிழை: புறக்கணிப்பா, செல்லாமையா?

இணையப் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி சிஎஸ்எஸ். 'திரை இவ்வளவு அகலமாக இருந்தால் மட்டும் இந்த விதிகள்' என்பதுபோல் அதில் போடும் நிபந்தனைதான் மீடியா குவரி. சிஎஸ்எஸ் பாடம் எழுதுகிறவர்கள் கூசாமல் எழுதும் வரி இது: "மீடியா குவரியில் தொடரியல் பிழை இருந்தால் உலாவி அதைப் புறக்கணித்துவிடும்." புதிதாகப் படிப்பவர் இதை எப்படி எடுத்துக்கொள்வார்? நிபந்தனைதான் போயிற்று, உள்ளே உள்ள விதிகள் எல்லாத் திரைக்கும் பொருந்தும் என்றுதானே? நடப்பது நேர் எதிர்.

ஆங்கில மூலத்தில் உள்ள சொல் 'இக்னோர்'. அதன் லத்தீன் வேருக்குப் பொருள் 'அறியாதிருத்தல்'. வேர் ஆராய்ச்சி இந்த அளவுக்குப் போதும்.

பிழையான குவரி வந்தால் பார்சர் (உலாவியில் சிஎஸ்எஸ்ஸைப் படித்துப் பிரிக்கும் பகுதி) அந்த இடத்தில் 'நாட் ஆல்' என்று எழுதியிருப்பதாகக் கொள்கிறது. அதாவது, எந்தச் சாதனத்துக்கும் பொருந்தாது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக 2012இல் வந்த மீடியா குவரி மூன்றாம் நிலை ஆவணத்திலேயே இந்த விதி உண்டு. 'ஸ்கிரீன் ஆண்ட்' என்று எழுதி, இடைவெளி விடாமல் அடைப்புக்குறியைத் திறந்து பாருங்கள். 'ஆண்ட்' இணைப்புச் சொல்லாக இல்லாமல் ஒரு செயற்கூறின் (ஃபங்ஷன்) பெயராகிவிடும். குவரி 'நாட் ஆல்' ஆகும். உள்ளே இருக்கும் அத்தனை விதிகளும் கிடந்தபடி கிடக்கும். காற்புள்ளி போட்டு இன்னொரு குவரி எழுதியிருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது.

புறக்கணிப்பு சரியாகப் பொருந்தும் இடமும் இருக்கிறது. நிறத்தின் பெயரைத் தப்பாக எழுதினால் அந்த அறிவிப்பு (நிறத்தைச் சொல்லும் அந்த ஒரு வரி) எழுதப்படாதது போலாகி, முன்பு சொன்ன நிறமே நிற்கும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டதில்தான் குழப்பம். சிலர் 'நிராகரித்தல்' என்கிறார்கள். கொஞ்சம் தேவலை, ஆனால் நிராகரித்த பிறகு உள்ளிருக்கும் விதிகள் என்னவாகும் என்பதை அதுவும் சொல்லவில்லை.

செல்லாத ஓட்டு என்கிறோம். பெட்டியில் விழுந்திருக்கும், யார் கணக்கிலும் சேராது. 'பிழையான குவரி செல்லாது' என்று எழுதுவதில் என்ன தடை? அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை ஒட்டிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பாளர், உலாவியில் ஒரே ஒரு தடவை அந்த வரியை ஓட்டிப் பார்த்திருந்தால் போதும். (மீடியா குவரியை 'ஊடக வினவல்' என்று எழுதி டிவி நிருபரை நினைவூட்டுகிறவர்களை இன்னொரு நாள் கவனிக்கலாம்.)

அடைப்புக்குறியை மூடாமல் விட்டால் மட்டும் 'செல்லாது' போதாது. அடுத்து வரும் விதிகளையும், பெரும்பாலும் கோப்பின் கடைசிவரை, பார்சர் அந்த அடைப்புக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளும். அங்கே 'விழுங்கிவிடும்' என்றே எழுதுங்கள்.