முறிகண்டியில் இயங்க மறுக்கும் மொறிஸ் மைனர்

கிளிநொச்சி மாவட்டத்து வாசகர் ஒருவர், தம் தகப்பனார் விட்டுச்சென்ற 948 சிசி மொறிஸ் மைனர் காரைப் பற்றி எழுதியிருக்கிறார். அதிகாலையில் புறப்பட்டால் வவுனியா வரைக்கும் ஒரு குறையுமின்றி ஓடுகின்ற அந்தக் கார், மதிய வெயிலில் திரும்பி வரும்போதுதான் அவரைச் சோதிக்கிறது. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தி, தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு பத்து நிமிடத்தில் வந்து திறப்பைத் திருப்பினால் கார் ஸ்ரார்ட் ஆவதில்லை. பிள்ளையாருக்கு மனம் ஆறவில்லை, இன்னொரு தேங்காய் உடை என்று கூட வந்த பெரியவர்கள் சொல்லுகிறார்கள். அதையும் உடைத்து, அரை மணி நேரம் கழித்துத் திருப்பினால் இயங்கிவிடுகிறது. அலுத்துப்போன அவர், எரிபொருளை உட்செலுத்தும் முறையில் இயங்கும் புதிய எஞ்சின் ஒன்றைப் பொருத்திவிட எண்ணுகிறார். எந்த எஞ்சினைத் தெரிவுசெய்வது, அதற்கு எந்தப் பெற்றோல் பம்பி பொருத்தமானது என்பதே அவருடைய கேள்வி.

என் மறுமொழி, கேள்வியின் வரிசையை மாற்றுவதிலிருந்து தொடங்குகிறது. முதலில் பம்பியையும் அதை வைக்கும் இடத்தையும் தீர்மானிக்க வேண்டும். எஞ்சின் அதற்குப் பிறகு வரட்டும். முறிகண்டியைக் கடக்கும்போது நானும் இறங்கித் தேங்காய் உடைப்பவன்தான். ஆனால் இரண்டாவது தேங்காய்க்குச் சேர்க்கப்படும் பெருமை, அதை உடைத்து முடிக்கும் வரை எஞ்சின் ஆறிக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரத்துக்கு உரியது. வழிபாடு வழிபாடாக இருக்கட்டும். பழுதுக்கான விளக்கமாக அதை ஆக்கிக்கொள்ளும்போது, கையெட்டும் தூரத்தில் இருக்கும் காரணத்தைத் தேடாமலே விட்டுவிடுகிறோம் என்பதுதான் என் கவலை.

காரணத்தை விளக்க ஒரு கிணற்றடிக்குப் போவோம். ஆவணி, புரட்டாதியில் கிணற்று நீர் கீழே இறங்கியதும் தோட்டக்காரர் நீர்ப்பம்பியைக் கரையில் வைத்துக்கொண்டு எவ்வளவுதான் முறுக்கினாலும் தண்ணீர் ஏறாது. பம்பியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் ஒரு தட்டில் இறக்கி வைத்தபிறகே ஏறும். பம்பி தண்ணீரை இழுத்தெடுப்பதாக நமக்குத் தோன்றினாலும் உண்மையில் அதனால் எதையும் இழுக்க முடியாது. குழாயின் மேல்முனையில் அமுக்கத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். கிணற்றின் நீர்ப்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம் தண்ணீரை மேலே தள்ளிவிடுகிறது. வளிமண்டலத்தின் தள்ளுவலு ஏறத்தாழப் பத்து மீற்றர் உயர நீருக்குச் சமம் என்பதை பாடசாலையில் படித்திருப்போம். நடைமுறையில் ஏழு, எட்டு மீற்றருக்கு மேல் நம்ப முடியாது. அதேவேளை, கீழே வைத்த பம்பி மேல்நோக்கித் தள்ளுவதற்கு அப்படியான எல்லை எதுவும் இல்லை. மோட்டாரின் வலுவே அதன் எல்லை.

பெற்றோலுக்கு இந்த எல்லை இன்னும் கடுமையானது. ஒவ்வொரு திரவத்துக்கும் ஓர் ஆவியமுக்கம் உண்டு. அது, ஆவியாகப் பிரிந்து போக அத்திரவம் எவ்வளவு வலுவாகத் திமிறுகிறது என்பதன் அளவு. சுற்றியுள்ள அமுக்கம் அந்த அளவுக்குக் கீழே இறங்கினால், வெப்பநிலை எதுவாக இருந்தாலும், திரவம் அங்கேயே கொதிக்கும். 38 பாகை செல்சியசில் நீரின் ஆவியமுக்கம் வளிமண்டல அமுக்கத்தில் பதினைந்தில் ஒரு பங்குதான். பெற்றோலின் ஆவியமுக்கமோ ஏறத்தாழப் பாதி. எனவே வளிமண்டலம் தள்ளித்தரும் வலுவில் பாதியை, உறிஞ்சல் தொடங்குவதற்கு முன்பே, பெற்றோல் தன் திமிறலால் தின்றுவிடுகிறது. வெப்பநிலை 60 பாகையை நெருங்கும்போது மீதிப் பாதியும் போய்விடும். அதன்பின் மிக மெல்லிய உறிஞ்சல்கூடக் குழாய்க்குள் குமிழிகளை எழுப்பப் போதுமானது. குமிழி அமுங்கி விரியுமே தவிர நகராது. பம்பி ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் அது விரிந்து இடத்தை நிரப்பிவிடும், பெற்றோல் வராது. இதைத்தான் ஆவியடைப்பு என்கிறோம்.

இப்போது மொறிஸ் மைனரின் அமைப்பைப் பாருங்கள். பெற்றோல் தாங்கி காரின் பின்புறத்தில் இருக்கிறது. எஸ்.யூ. என்ற நிறுவனத்தின் மின்பம்பியோ முன்னே, எஞ்சினுக்கும் ஆட்கள் இருக்கும் பகுதிக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டில், பொனற்றுக்கு உள்ளே பொருத்தப்பட்டிருக்கிறது. அதாவது கரையில் வைத்த நீர்ப்பம்பி. அதிலும், அடுப்பங்கரையில் வைத்த நீர்ப்பம்பி. ஓடும்போது காற்றும் புதிய பெற்றோலும் அதைக் குளிர்விக்கின்றன. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிட, 90 பாகையை ஒட்டிய எஞ்சினின் வெக்கை மேலெழுந்து பம்பியையும் குழாயையும் பிடித்துக்கொள்ளுகிறது. போதாததற்கு, இந்த எஞ்சினில், பெற்றோலை வளியோடு கலந்து கொடுக்கும் காபரேற்றரும் புகைபோக்கும் ஒரே பக்கத்தில் இருப்பதால், புகைபோக்கின் தலைமேலே அமர்ந்திருக்கும் காபரேற்றரின் மிதவைக் கிண்ணத்திலுள்ள பெற்றோலும் கொதிக்கத் தொடங்குகிறது. நிறுத்திய பத்தாவது நிமிடம் மிக மோசமான நேரம். அரை மணி நேரத்தில் எல்லாம் ஆறிவிடும். இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். திறப்பைத் திருப்பியதும் எஸ்.யூ. பம்பி சில தடவை டிக், டிக் என்று அடித்துவிட்டு, கிண்ணம் நிறைந்ததும் அமைதியாகிவிட வேண்டும். அது நிற்காமல் வேகவேகமாக அடித்துக்கொண்டேயிருந்தால் பெற்றோலுக்குப் பதிலாக ஆவியைத்தான் இறைத்துக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில், வன்னியில் வளர்ந்தவர்களுக்கு மண்ணெண்ணெய் நினைவுக்கு வராமல் இராது. 1990 இல் வந்த பொருளாதாரத் தடைக்குப் பின்னர் இங்கும் யாழ்ப்பாணத்திலும் பெற்றோல் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரின் வாயில் சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தச் சில துளிகளைக் கண்ணைப் போலக் காத்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெயின் ஆவியமுக்கம் மிகவும் சிறியது என்பதால் குளிர்ந்த எஞ்சினில் எரியக்கூடிய அளவுக்கு ஆவி எழாது. ஆகவே தொடக்கத்துக்குப் பெற்றோல் வேண்டியிருந்தது. அதே காரணத்தால் அது குழாயில் ஆவியடைப்பையும் உண்டாக்காது. எளிதில் தீப்பிடிக்க வைக்கும் பண்பே பம்பியைத் திணறவும் வைக்கிறது. ஒன்றைப் பெற்று மற்றதை மறுக்க முடியாது. அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டன. இன்றைய எஞ்சின்கள் பொறுக்கமாட்டா. அக்காலத்து மெக்கானிக்குகள் எந்த எஞ்சினுக்கு என்ன மாற்றம் செய்தார்கள், காபரேற்றரின் எந்த ஊசியை எவ்வளவு திருத்தினார்கள் என்பது இன்னமும் அவர்களுடைய கைகளில்தான் இருக்கிறது, அவர்கள் முதுமையடைந்துகொண்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே இருக்கும்போது, அவர்களோடு அமர்ந்து இவற்றை அளந்து பதிவுசெய்யும் ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவது மிக அவசரமான செலவு என்று நான் கருதுகிறேன்.

உட்செலுத்தும் முறை இந்த நோயை இரண்டு வழிகளில் தீர்க்கிறது. முதலாவது, பம்பி தாங்கிக்குள்ளேயே பெற்றோலில் மூழ்கியிருக்கிறது. அது கிணற்றுக்குள் இறக்கிய பம்பி, உறிஞ்ச வேண்டிய தூரமே இல்லை. இரண்டாவது, எஞ்சின் வரை செல்லும் குழாய் முழுவதும் வளிமண்டலத்துக்கு மேல் ஏறத்தாழ 3 பார் அமுக்கத்தில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம்) இருக்கிறது. பழைய எஸ்.யூ. பம்பி கொடுப்பதைப் போல இது இருபது மடங்கு. அவ்வளவு அமுக்கத்தில், பொனற்றுக்குள் 80 பாகை வெக்கை இருந்தாலும் பெற்றோல் திரவமாகவே கிடக்கும்.

மின்மோட்டாரைப் பெற்றோலுக்குள் மூழ்கடிப்பதா என்று பலர் அஞ்சுவார்கள். அதிலும் அந்த மோட்டாரின் உட்புறம் முழுவதும் பெற்றோல் ஓடுகிறது; அதன் சுழலும் பகுதிக்கு மின்னைக் கொடுக்கும் தூரிகைகளில் சிறு பொறிகள் எழுவதும் உண்மை. ஆனால் திரவத்துக்குள் ஒட்சிசன் இல்லை, ஆகவே எரிய வழியில்லை. தாங்கியில் பெற்றோல் குறைந்து மேலே வெறும் இடம் இருந்தாலும், பெற்றோல் ஆவி வளியில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 வீதம் வரை கலந்திருந்தால் மட்டுமே தீப்பற்றும். நமது வெப்பநிலையில் மூடிய தாங்கியின் அந்த வெறும் இடத்தில் ஆவியின் பங்கு இந்த மேல் எல்லையைப் பல மடங்கு தாண்டியிருக்கும். எரிவதற்கு வேண்டிய வளி அங்கே போதாது. முறிகண்டியில் காரை நிறுத்திய அதே ஆவியமுக்கம், தாங்கிக்குள் காவல் நிற்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை இதுதான். இந்தக் காவல் தாங்கிக்குள் மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெளியே கசியும் ஒரு துளிகூட ஆபத்து.

பம்பியைத் தெரிவுசெய்யும்போது பெரியதே நல்லது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 80 குதிரைவலு தரும் எஞ்சின் முழுவலுவில் ஓடும்போதுகூட மணிக்கு ஏறத்தாழ 25 லீற்றர்தான் குடிக்கும். 3 பார் அமுக்கத்தில் மணிக்கு 80 லீற்றருக்கு மேல் தரும் சிறிய கார் ஒன்றின் பம்பி தாராளமாகப் போதும். பந்தயக் கார்களுக்கான பெரும் பம்பி அதிக மின்னோட்டத்தை இழுப்பதோடு, தேவைக்கு மிஞ்சிய பெற்றோலை எஞ்சினின் வெக்கையில் சுற்றவிட்டுத் தாங்கிக்கே சூடாகத் திருப்பி அனுப்பும். முப்பது லீற்றர்கூடக் கொள்ளாத தாங்கியில், வெயில் நாளில், அது கேடு. பழைய தாங்கியைக் கழற்றி உட்துருவை முற்றாக நீக்கி, பம்பியைச் சுற்றி ஒரு சிறு கிண்ணத் தடுப்பு அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் வளைவிலும் குழியிலும் பெற்றோல் ஒருபக்கம் ஒதுங்க, பம்பி வளியை விழுங்கும். பழைய றப்பர்க் குழாய்களில் ஒன்றையும் மிச்சம் வைக்காதீர்கள். 3 பாரைத் தாங்குவதற்கென்றே செய்த குழாயும் பிடிப்பும் வேண்டும்.

குழாயிலுள்ள பெற்றோலின் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் அமுக்கச் சீராக்கியில் கவனம் தேவை. இன்ஜெக்டர் என்பது மின்னால் திறந்து மூடும் ஒரு நுண்துளை. எஞ்சினின் கணினி அதை எத்தனை மில்லிசெக்கன் திறந்து வைப்பது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. துளையின் இருபுறத்து அமுக்க வித்தியாசம் தனக்குத் தெரிந்த அளவில் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அது கணக்கிடுகிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது உள்ளிழுப்புக் குழாயில் உறிஞ்சல் அதிகம்; சீராக்கி அதற்கேற்பத் தன்னைத் தளர்த்தாவிட்டால் ஏறத்தாழப் பத்து வீதப் பெற்றோல் கூடுதலாகப் பாயும். சில வண்டிகளில் சீராக்கி உறிஞ்சலை அறிந்து தானே மாறும். வேறு சிலவற்றில் அமுக்கம் மாறாதிருக்க, கணினியே கணக்கைத் திருத்திக்கொள்ளும். ஒன்றின் கணினியையும் மற்றதன் சீராக்கியையும் கலந்தால் கரும்புகைதான் மிஞ்சும். எனவே எஞ்சின், கியர்பெட்டி, கணினி, வயர்த்தொகுதி, பம்பி, சீராக்கி, திறப்பு எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து வாங்குங்கள்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மைனர் பின்சில்லு ஓட்டக் கார். எனவே நீளவாட்டில் அமர்ந்து பின்சில்லுக்கு வலு தரும் எஞ்சினே எளிது. சுசுக்கி ஜிம்னியின் 1.3 லீற்றர் எஞ்சின் அவ்வகையானது. 80 குதிரைவலுவை ஒட்டித் தரும். மைனரின் 948 சிசி எஞ்சின் தந்தது 37. இரண்டு மடங்கு வலுவைப் பழைய டிரம் பிரேக்குகளிடம் ஒப்படைப்பது தகாது. முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் போடாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். பழைய மின்பிறப்பாக்கியான டைனமோவை அகற்றி, அதைவிட அதிக மின்னோட்டம் தரும் ஒல்ரனேற்றர் பொருத்த வேண்டும். மைனரின் பற்றரி நேர்முனை உடலோடு இணைந்தது. புதிய கணினிக்கு எதிர்முனையே உடலில் இருக்க வேண்டும், மாறினால் கணினி எரிந்துவிடும். பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் இருப்பதால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்ய முன்னர் ஒரு சோதனையைச் செய்து பார்க்குமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். குறைந்த அமுக்க மின்பம்பி ஒன்றைப் பின்னால், தாங்கியின் அருகே, அதன் மட்டத்துக்குக் கீழே பொருத்தி, காபரேற்றருக்கும் புகைபோக்குக்கும் இடையே ஒரு வெப்பத் தடுப்புத் தகட்டை வையுங்கள். தகப்பனாரின் எஞ்சின் அப்படியே இருக்க, குறை நீங்கிவிடவும் கூடும். நீங்காவிட்டால், அல்லது அடிக்கடி கொழும்பு வரை ஓட வேண்டியிருந்தால், புதிய எஞ்சினுக்குச் செல்லலாம்.

அப்படிப் பொருத்தி முடித்தபின், எஞ்சினருகே குழாயில் ஓர் அமுக்கமானியை இணைத்துத் திறப்பைத் திருப்புங்கள். காரின் பின்புறத்துத் தாங்கியிலிருந்து இரண்டு செக்கன் அளவுக்கு மெல்லிய ரீங்காரம் கேட்டு நிற்கும். முள் 3 பாரை அண்மிக்கும். பம்பியின் வாயில் ஒருவழி அடைப்பு ஒன்று இருக்கிறது. பம்பி நின்றபின்னும் குழாயின் அமுக்கத்தைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். எஞ்சினை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து முள்ளைப் பாருங்கள். அது பெரும்பாலும் இறங்காமல் நின்றால் குழாயிலுள்ள பெற்றோல் கொதிக்கவில்லை. கார் முதற் சுற்றிலேயே இயங்கும். முள் விரைவாகச் சுழியத்துக்கு வந்துவிட்டால் அந்த அடைப்போ, ஓர் இன்ஜெக்டரோ, சீராக்கியோ கசிகிறது. அதைக் கண்டுபிடித்து மாற்றிய பின்னரே ஏ9 வீதியில் ஏறுங்கள்.