நாற்பது வருஷம் நின்ற வண்டி புது வண்டி அல்ல

வருஷக்கணக்காகக் கொட்டகையில் நின்ற பழைய காரை அப்படியே ரோட்டில் எடுத்து மாட்டிக்கொண்ட கதை, இந்த வருஷத்தில் இது மூன்றாவது. முதல் இரண்டைப் பற்றி எழுதவில்லை, சொந்தக்காரர்கள் மனம் கோணுவார்களே என்று விட்டுவிட்டேன். இனிமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பட்டறையைச் சாத்துகிற நேரம். சிவப்பு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஒன்று, அந்தக் காலத்து இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார், வாசலில் வந்து நின்றது. பெயின்ட் புதுசு, முகம் பார்த்துத் தலை வாரலாம். சீட்டுக்குப் புதுத் தோல் தைத்திருந்தார்கள். பம்பர், கண்ணாடி வளையம் எல்லாம் முலாம் பூசி மின்னியது. இறங்கிய தம்பிக்கு முப்பது வயது இருக்கும். வேலை சென்னையில், பூர்வீக வீடு செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கம்.

"எங்க ஐயா மலேயாவுலேருந்து திரும்பி வந்தப்ப கொண்டாந்த வண்டிண்ணே. நாப்பது வருஷமா கொட்டகையிலதான் நின்னுச்சு. போன மாசம் பேட்டரி போட்டு, பெட்ரோல் ஊத்திப் பார்த்தேன், உடனே எடுத்துருச்சு. ஞாயித்துக்கிழமை மெட்ராஸ்ல பழைய கார்க்காரங்க எல்லாம் கூடுறாங்க. சனிக்கிழமை காலையில கிளம்பணும். ஆயில் மட்டும் மாத்திக் குடுங்க. முப்பத்தோராயிரம் மைல்தான் ஓடியிருக்கு, உள்ள எல்லாம் புதுசு."

குத்துக்கால் போட்டு உட்கார்ந்து டயரைப் பார்த்தேன். பட்டன், அதாவது தரையைப் பிடிக்கிற புடைப்பு, நன்றாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் தேதிக் குறி மூன்று இலக்கம்: 248. அதாவது 24-வது வாரம், எட்டில் முடிகிற வருஷம், இங்கே 1998. நடுவில் இவர் சித்தப்பா ஒருவர் வண்டியை எடுத்து ஓட்டலாம் என்று நினைத்து டயர் மாற்றி, 'ஃபுல் சர்வீஸ்' செய்து, மறுபடியும் நிறுத்திவிட்டாராம். அந்த ஃபுல் சர்வீஸ் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"தம்பி, வண்டியை இங்கே விட்டுட்டு பஸ்ல போங்க. ஒரு மாசம் கழிச்சு நானே கொண்டாந்து குடுக்குறேன்" என்றேன். சிரித்தார். "ஸ்டார்ட் ஆகுதேண்ணே!"

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு போன். திருமயம் தாண்டவில்லை. டீ குடிக்கலாம் என்று ரோட்டோரமாக ஒடித்துத் திருப்பியிருக்கிறார். இடது பக்க முன் சக்கரம் அப்படியே உள்ளே மடங்கி, வண்டி மூக்கைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிட்டது. நடக்கிற வேகத்தைவிடக் குறைவான வேகம் என்பதால் ஆளுக்கு ஒன்றுமில்லை. இதே சமாச்சாரம் திருச்சி தாண்டி நாலுவழிச் சாலையில் தொண்ணூறில் போகும்போது நடந்திருந்தால் எனக்கு வேறு யாரோதான் போன் செய்திருப்பார்கள்.

உடைந்த துண்டு இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. கட்டைவிரல் தடிமன் இரும்பு, அடிப்பக்கம் மரை. முறிந்த முகத்தைப் பார்த்தால் இரண்டு நிறம். முக்கால்வாசி கருஞ்சிவப்பு, பழைய துரு. ஓரத்தில் பிறைநிலா அளவுக்கு மட்டும் வெள்ளி மாதிரிப் பளபளப்பு. அந்தக் கருஞ்சிவப்புப் பகுதி எப்போதோ விட்டுப்போயிருக்கிறது. கானாடுகாத்தானிலிருந்து திருமயம் வரை அந்தத் தம்பியைச் சுமந்தது அந்தப் பிறைநிலாதான்.

முன் சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கிற இந்த இடத்துக்கு ட்ரனியன் என்று பெயர். ஸ்பிட்ஃபயரின் முன்பக்க அமைப்பு ட்ரையம்ப் ஹெரால்டிலிருந்து எடுத்தது. அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று செய்தார்கள். ஆகவே இது நமக்குத் தெரியாத சீமை வித்தை இல்லை. பித்தளை மாதிரியான ஒரு கட்டை, அதில் மரையோடு இறங்கி நிற்கிற இரும்புத் தண்டு. ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள்ளேயே திரும்பும். இதற்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும். 90 நம்பர். கிரீஸ் கூடாது. கூடவே கூடாது. ஆனால் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னைத் தூக்கிக்கொண்டு வருகிற கை நம் எல்லோருக்கும் உண்டு. கிரீஸ் மரையின் அடிவரைக்கும் போகாது, நாளாவட்டத்தில் மெழுகாக இறுகிவிடும். அதற்குப் பின்னால் ஈரம் நின்று இரும்பைத் தின்னும். சித்தப்பா செய்த ஃபுல் சர்வீஸ் இதுதான். கழற்றியபோது காய்ந்த சந்தனம் மாதிரி வழித்து எடுத்தேன்.

யாரையும் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. 1984-ல் பட்டறையில் சேர்ந்த புதிதில் நானும் ஒரு ஹெரால்டுக்கு இதே வேலையைச் செய்தவன்தான். ஆயில் சொட்டித் தரை அழுக்காகிறதே என்று கிரீஸ் அடித்தேன். மேஸ்திரி எதுவும் பேசவில்லை. இரண்டு பக்கமும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பழையபடி மாட்டச் சொன்னார். ராத்திரி பதினொன்றாயிற்று. அதற்கப்புறம் மறக்கவில்லை.

இதில் இன்னொரு வேதனை. டேஷ்போர்டு பெட்டிக்குள் அந்த ஐயாவின் நோட்டு ஒன்று கிடந்தது. வட்டிக்கடைக் கணக்கு எழுதிய கை, கேட்கவா வேண்டும்? தேதி, மைல், போட்ட பெட்ரோல், செலவு, எல்லாம் காலணா பிசகாமல். நடுநடுவே 'முன் சக்கரம் இரண்டுக்கும் கியர் ஆயில்' என்று தனி வரி. அவருக்குத் தெரிந்திருக்கிறது. நோட்டை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

சரி, எனக்கு எரிச்சல் மூட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். 'ஓடவே இல்லை, அதனால் புதுசு.' இந்த ஒரு வாக்கியத்தை மாதத்துக்கு இரண்டு பேராவது சொல்கிறார்கள். படித்தவர்கள், பெரிய கம்பெனி நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. வளவு வீட்டைப் பூட்டிப் போட்டால் என்ன ஆகும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஒரு ஓடு நகரும், மழைத்தண்ணீர் இறங்கும், பர்மாத் தேக்கு உத்தரத்தில் கறை ஏறும், மூன்றாம் வருஷம் கரையான். யாரும் நடக்காத வீடு, தேயாத வீடு, அதனால் புது வீடு என்று யாராவது சொல்வீர்களா? வாரம் ஒருமுறை கதவைத் திறந்து கூட்டிப் பெருக்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறீர்கள். அதே வீட்டுக் கொட்டகையில் நிற்கிற வண்டிக்கு மட்டும் தார்ப்பாய் போதும் என்று எப்படித் தோன்றுகிறது?

ஓடுகிற வண்டி தேயும், வாஸ்தவம். ஆனால் ஓடுகிற வண்டியில் ஆயில் சுற்றும், பிரேக் ரப்பர் நகர்ந்துகொண்டே இருக்கும், பெட்ரோல் புதுசாக வந்துகொண்டிருக்கும். நிற்கிற வண்டியில் பழைய பெட்ரோல் காய்ந்து கார்பரேட்டருக்குள் வார்னிஷாகப் படியும். வீல் சிலிண்டர் ரப்பர் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கிளட்ச் பிளேட் துருவோடு ஃப்ளைவீலில் அப்பிக்கொள்ளும். வயரை எலி கடிக்கும். டயர் ரப்பர் காற்றிலேயே முற்றும், ஒரு மைல் ஓடாவிட்டாலும் முற்றும். மீட்டரில் 31,000 என்று இருப்பது எவ்வளவு ஓடியது என்பதற்குத்தான் கணக்கு. எவ்வளவு கெட்டது என்பதற்கு அதில் கணக்கு இல்லை. எஞ்சின் எடுத்துவிட்டது என்றால் பேட்டரி, பிளக், கொஞ்சம் பெட்ரோல் மூன்றும் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு அர்த்தமும் கிடையாது. நானூறு கிலோமீட்டர் போய்ச் சேருவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது செய்ய வேண்டியவை. முதலில் பிரேக். வண்டியை ஓட வைப்பதற்கு முன்னால் நிற்க வையுங்கள். அந்தத் தம்பியின் வண்டியில் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தால் ஃபில்டர் காபி டெகாக்‌ஷன் மாதிரி இருந்தது. புது ஆயில் வெளிர்மஞ்சளாக இருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியதற்கு 155 டிகிரிதான் கணக்கு. கொதித்தால் குமிழி கட்டும், மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில், இந்த வண்டியிலும்தான், நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே லைன். ஒரு ஹோஸ் வெடித்தால் நாலும் போச்சு, மிச்சம் ஹேண்ட் பிரேக்தான். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் பிரித்துப் புது ரப்பர் போடுங்கள். ஹோஸ் மூன்றோ நாலோ, எல்லாமே புதுசு. 'வெளியில் நல்லாத்தானே இருக்கு' என்று கேட்காதீர்கள். உள்பக்கம் ஊதிப்போய், மிதித்தால் ஆயிலை விட்டு, காலை எடுத்தால் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும். வீல் சூடேறி வாசனை வந்த பிறகுதான் தெரியும்.

அடுத்தது பெட்ரோல். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அறுபதுகளில் செய்த ரப்பர் ட்யூபும் பம்ப் டயாஃப்ரமும் இதைத் தாங்காது. ஊறும், இளகும், வெடிக்கும். ஸ்பிட்ஃபயரில் கார்பரேட்டருக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. சொட்டினால் சுடச்சுட அதன் மேல்தான் சொட்டும். எத்தனால் தாங்குகிற ட்யூபாகக் கேட்டு வாங்கி மாற்றுங்கள். மீட்டர் விலைக்குப் பேரம் பேசாதீர்கள். தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும், டிக்கியில் பெட்டிக்கு அடியில் வைத்துப் பிரயோஜனமில்லை. இன்னொன்று, எத்தனால் பெட்ரோலுக்குக் கலவை கொஞ்சம் கெட்டியாக வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று இருந்தால் நெடும்பயணத்துக்கு அந்த செட்டிங் ஆகாது.

டயருக்கு வருகிறேன். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருந்தால் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2315 என்றால் 2015-ன் 23-வது வாரம். மூன்றே இலக்கம் என்றால் 2000-க்கு முந்தியது, பட்டன் எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். பத்து வருஷம் தாண்டிய எதையும் நான் ஹைவேக்கு அனுப்புவதில்லை. ஸ்டெப்னியும் டயர்தான், அதையும் சேர்த்தே சொல்கிறேன். கம்பி வீல் என்றால் உள்ளே பட்டி புதுசாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் கம்பி முனை ட்யூபைக் குத்தும்.

ரேடியேட்டரில் நம்மூர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீர்கள். வீட்டில் வெந்நீர் அண்டாவின் அடியில் படிந்திருக்கிறதே வெள்ளையாக, அதுதான் ரேடியேட்டர் குழாயிலும் படியும். இறக்கி, அடைப்பெடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள். எஞ்சின் சூட்டைப் பார்த்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறியச் சொல்கிற மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

டைனமோ வைத்த வண்டி ஐடிலில் சார்ஜ் ஏற்றாது. டோல் வரிசையில் லைட் போட்டுக்கொண்டு நின்றால் பேட்டரிதான் குடிக்கப்படும். விடியலில் கிளம்புங்கள், வெயில் ஏறுமுன் பாதி தூரம் கழிந்துவிடும். பாயின்ட், கண்டன்சர், ஃபேன் பெல்ட், ஒரு ஹோஸ், நாலு கிளாம்ப், ஐந்து லிட்டர் தண்ணீர், இவ்வளவும் வண்டியில் இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகும் நேரே சென்னைக்குக் கிளம்பாதீர்கள், தயவுசெய்து. முதல் நாள் பிள்ளையார்பட்டி வரை போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்புங்கள். இறங்கியதும் நாலு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போகிறது. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் எங்கே சொட்டியிருக்கிறது, என்ன நிறம் என்று அட்டையே சொல்லிவிடும். ரெண்டு நாள் கழித்து தேவகோட்டை, அப்புறம் திருச்சி வரை போய்த் திரும்பி வாருங்கள். நூறு மைலுக்குள் வர வேண்டிய வியாதி வந்துவிடும், வீட்டுப் பக்கத்திலேயே வரட்டுமே.

காகிதமும் பாருங்கள். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021-ல் வந்த விதிப்படி தனியாக விண்டேஜ் பதிவு உண்டு, நம்பர் பிளேட்டில் 'விஏ' எழுத்து வரும். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் இப்படிப்பட்ட காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினம் ஆபீஸ் போக முடியாது. அந்தத் தம்பி சீட்டுக்குச் செலவழித்த பணத்தில் இவ்வளவு வேலையும் முடிந்திருக்கும்.

வண்டி இப்போது என் பட்டறையில் ஸ்டாண்டு மேல் நிற்கிறது. ட்ரனியன், தண்டு இரண்டு பக்கமும் புதுசுக்குச் சொல்லியிருக்கிறேன். உடையாத வலது பக்கத்தைக் கழற்றிப் பார்த்தபோது அதிலும் மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. தம்பி வாரம் ஒருமுறை போன் செய்து, "எப்பண்ணே முடியும்?" என்கிறார். முடியும்போது முடியும் என்கிறேன்.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் ஒன்று நின்றால், கூட்டத்துக்குத் தேதி குறித்ததும் எனக்கோ உங்கள் ஊரில் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்குக்கோ ஒரு போன் போடுங்கள். ரெண்டு மாசம் அவகாசம் கொடுங்கள். வியாழக்கிழமை சாயங்காலம் வராதீர்கள்.