கொலஸ்ட்ரால் நார்மல், சிறுநீரில் புரதம்

பக்கவாதத்தால் வார்டில் படுத்திருந்த 58 வயது மெஸ் உரிமையாளரின் தம்பி, பழைய பரிசோதனைத் தாள்களை என் மேசையில் பரப்பி வைத்து, "கொழுப்பு எல்லாம் நார்மல்னுதானே போட்டிருக்கு டாக்டர், அப்புறம் எப்படி அண்ணனுக்கு இப்படி ஆச்சு?" என்று கேட்டார். அவர் விரல் வைத்த வரியில் எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 118 என்றிருந்தது; 130க்குக் கீழ் இருந்தால் போதும் என்று எதிரே அச்சாகியிருந்ததால், அந்த எண் யார் கண்ணையும் உறுத்தவில்லை. அதே தாள்கட்டுக்குள் மூன்று தாள் தள்ளி, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.6 என்றும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் இரண்டு பிளஸ் என்றும் இருந்தது. அந்த வயது ஆணுக்குக் கிரியாட்டினின் 1.6 என்றால், சிறுநீரகங்களின் வடிகட்டும் திறன் (நிமிடத்துக்கு மில்லிலிட்டர் கணக்கில்) ஏறக்குறைய 50க்கு இறங்கிவிட்டது என்று கொள்ளலாம். 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதற்கு நாட்பட்ட சிறுநீரக நோய் என்றே பெயர். ஒரே ஆளின் ரத்தக்குழாய்களைப் பற்றிய இந்த இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்து யாரும் படித்திருக்கவில்லை.

மூளையும் சிறுநீரகமும் ரத்தத்தை வாங்கும் விதத்தில் ஒரே வகையைச் சேர்ந்தவை. ஓய்வாக இருக்கும்போதும் இதயம் இறைக்கும் ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளையும் தன் எடைக்குப் பல மடங்கு ரத்தத்தைக் கேட்டு வாங்குகிறது. இரண்டிலும் பெரிய குழாய்களிலிருந்து பிரியும் நுண்ணிய தமனிகள் ரத்த அழுத்தத்தின் தாக்குதலை நேரடியாகத் தாங்குகின்றன. ஆகவே சிறுநீரில் அல்புமின் கசிகிறது என்றால், மூளையின் சிறு குழாய்களும் பழுதுபட்டுக்கொண்டிருக்கலாம் என்று சந்தேகிப்பதே முறை. தலைக்குள் எட்டிப் பார்க்க ஸ்கேன் வேண்டும். இதற்கு ஒரு சிறு குப்பியில் சிறுநீர் போதும்.

கொலஸ்ட்ராலின் போக்கையும் சிறுநீரக நோய் மாற்றிவிடுகிறது. ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறும், நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறையும், எல்.டி.எல். பெரும்பாலும் ஏறாமலே இருக்கும், ஆனால் அதன் துகள்கள் சிறுத்து அடர்ந்து, தமனிச் சுவருக்குள் எளிதாக நுழையும் தன்மையைப் பெற்றுவிடும். புரதம் பெருமளவில் வெளியேறும் நெஃப்ரோடிக் நிலையில் மட்டும் கல்லீரல் ஈடுகட்ட முனைந்து கொழுப்பையும் கூடுதலாக உற்பத்தி செய்வதால், மொத்தக் கொலஸ்ட்ரால் 300ஐத் தாண்டுவது உண்டு. மற்றபடி சிறுநீரக நோயாளியின் எல்.டி.எல். நார்மல் என்ற செய்தியில் ஆறுதல் கொள்ள அதிகம் இல்லை.

விசாரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரையான அட்டோர்வாஸ்டாடின் எழுதிக் கொடுத்திருந்தார்கள்; "அந்த மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்" என்று யாரோ சொல்ல, நிறுத்திவிட்டார். ஆனால் அடுப்படியில் நின்று நின்று வந்த மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்குளோஃபினாக்கை மட்டும் அநேகமாகத் தினமும் போட்டுக்கொண்டிருந்தார். சிறுநீரகத்தைக் காயப்படுத்துவதும் ரத்த அழுத்தத்தை ஏற்றுவதும் அந்த வலி மாத்திரைதான். அட்டோர்வாஸ்டாடின் பெரும்பாலும் கல்லீரல் வழியாக வெளியேறுவது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அதன் அளவைக் குறைக்கக்கூடத் தேவையில்லை. (ரோசுவாஸ்டாடின் அப்படியல்ல, அதன் அளவைக் கவனிக்க வேண்டும்.) அண்ணனுக்கு முட்டையே வைப்பதில்லை என்று தம்பி பெருமையாகச் சொன்னார், தினமும் இலையில் விழுந்த, உப்பு மிகுந்த ஊறுகாயும் அப்பளமும் யார் கணக்கிலும் வரவில்லை.

2011இல் வெளிவந்த ஷார்ப் ஆய்வில், 9,000க்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளிகளில் கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடினும் எசெடிமைபும் பெற்றவர்களுக்கு மாரடைப்பு, அடைப்பினால் வரும் பக்கவாதம் உள்ளிட்ட பெரும் பாதிப்புகள் 17 சதவீதம் குறைந்தன. சிறுநீரகம் பழுதடையும் வேகத்தை அம்மருந்துகள் தடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவை காப்பது இதயத்தையும் மூளையையும்தான். இதனால்தான், டயாலிசிஸ் நிலைக்கு வராத, 50 வயதைக் கடந்த சிறுநீரக நோயாளிகளுக்கு எல்.டி.எல். எண் எதுவாக இருந்தாலும் ஸ்டாடினைத் தொடங்கலாம் என்று 2013ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல் கூறியது. டயாலிசிஸ் தொடங்கிய பிறகு புதிதாக ஸ்டாடின் கொடுப்பதில் தெளிவான பலன் இல்லை என்பதை ஜெர்மனியில் நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த 4டி ஆய்வு 2005இலேயே காட்டிவிட்டது. முன்பே எடுத்துவருபவர்கள் நிறுத்த வேண்டியதில்லை. காலம் கடந்து கொடுப்பதைவிட முன்கூட்டியே கொடுப்பதில்தான் பயன் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். தமனியில் கொழுப்புப் படிந்து அடைப்பால் பக்கவாதம் வந்தவருக்கோ 130 என்ற வரம்பே பொருந்தாது. 70க்குக் கீழே கொண்டுவருவது மேல் என்று 2019இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ரத்தக்கசிவினால் வரும் பக்கவாதம் வேறு வகை. அங்கே முதல் வேலை ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது.

மெஸ்காரருக்கு முன்னறிவிப்பும் கிடைத்திருந்தது. மூன்று வாரங்களுக்கு முன் ஒரு மாலையில் தோசைத் திருப்பி கையிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது, பேச்சும் குழறியிருக்கிறது. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டதால் வாயுப் பிடிப்பு என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டு மாவு ஊற்றப் போய்விட்டார். அன்றே மருத்துவமனைக்கு ஓடியிருக்க வேண்டும். இரண்டாம் முறை காலை ஆறு மணிக்குக் கை விழுந்தது. அவர்கள் வந்து சேரும்போது பகல் பன்னிரண்டு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரம் வழியிலேயே கழிந்திருந்தது.

தம்பிக்கு வயது 52, பிரஷர் மாத்திரை எடுப்பவர், சிறுநீர்ப் பரிசோதனை செய்ததே இல்லை. அன்று அவரிடமும் ஒரு குப்பியைக் கொடுத்தனுப்பினேன். சிறுநீரில் புரதக் கசிவைக் காட்டும் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் 140 என்று வந்தது. 30ஐத் தாண்டக் கூடாது. மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்த்து உறுதி செய்வதற்குத் தேதி எழுதிக்கொண்டிருந்தபோது, சீட்டை வைக்க அவர் திறந்த சட்டைப் பையில் அதே வலி மாத்திரை அட்டை இருந்தது. இரண்டு மாத்திரைதான் மீதி.