இம்பிளான்ட் பல் போட முன்பு: எது இலவசம், எதைக் கேட்டு வாங்க வேண்டும்

"பெரியாஸ்பத்திரியில இம்பிளான்ட் சும்மா போடுவாங்களாமே?" மட்டக்களப்பில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்கில் பல் பிடுங்குவதற்கும் அடைப்பதற்கும் ஊத்தை எடுப்பதற்கும் காசில்லை. தாடை எலும்பில் திருகாணி இறக்கி அதன் மேல் பல் பூட்டும் இம்பிளான்ட் அந்த வரிசையில் அன்றாடம் கிடைக்கும் வேலை அல்ல. அநேகமானோர் தனியாரிடம் கைக்காசு கொடுத்துத்தான் போடுகிறார்கள்.

இருந்தாலும் முதலில் போக வேண்டிய இடம் அரசாங்கப் பல் கிளினிக்தான். மட்டக்களப்பு, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை என்று எங்கே கிட்டவோ அங்கே ஒரு துண்டு எடுத்துக் காட்டுங்கள். முரசில் நோய் இருந்தால் அதை முதலில் மாற்ற வேண்டும். தேவைப்பட்டால் விசேட நிபுணரிடம் அனுப்பக் கடிதம் தருவார்கள். இன்னொரு நன்மையும் உண்டு: உங்களுக்கு எதையும் விற்க வேண்டிய தேவை இல்லாத ஒருவர் வாயைப் பார்த்துச் சொல்லும் அபிப்பிராயம் அது. பிடுங்கச் சொன்ன பல்லை வேர் சிகிச்சை செய்து காப்பாற்றலாம் என்று அங்கே தெரிய வந்தால், இம்பிளான்ட் பேச்சே தேவைப்படாது.

இம்பிளான்ட் என்பது தாடை எலும்புக்குள் இறக்கும் டைட்டேனியம் திருகாணி. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்த பிறகு மேலே பல் பூட்டுவார்கள். சுவீடனின் பிரேனமார்க் 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்திய முறையின் அடிப்படை இன்றும் அதுவேதான். எலும்பு ஒட்டுவதற்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் எடுக்கும். மேல்தாடை எலும்பு மெதுமை, அங்கே காலம் கூடலாம். சிலருக்கு அன்றைக்கே தற்காலிகப் பல் வைப்பார்கள், ஆனால் எல்லா வாய்க்கும் அது சரிவராது. கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ மூன்று கிழமை லீவில் வந்து "போட்டு முடிச்சிட்டுப் போவம்" என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் பார்க்க வேண்டும்.

கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லையென்றால் புண் ஆறாது, திருகாணி கழன்று வரும் அபாயமும் கூடும். சிகரெட்டும் அப்படித்தான். எலும்புத் தேய்மானத்துக்குக் கிழமைக்கு ஒரு குளிசை போடும் அம்மாமார் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த வகை மருந்து போடுபவர்களுக்குச் சில வேளை தாடை எலும்பு ஆறாமல் அழுகும். இரத்தம் இளக்கும் குளிசையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. அதை எழுதித் தந்த டொக்டரைக் கேட்டே எதையும் செய்ய வேண்டும்.

வெற்றிலையை இங்கே ஒதுக்கிவிட முடியாது. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் தட்டு வரும், நமக்கு அது மரியாதை. ஆனால் பாக்கு வருடக்கணக்கில் வாயின் உட்தோலை இறுக்கிவிடும். கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து, உங்கள் மூன்று விரல்களை மேல் கீழ் முன்பற்களுக்கு இடையில் நெடுக்காக வைத்துப் பாருங்கள். போகாவிட்டால், கொடுப்புப் பல் இடத்தில் துளையிடும் கருவியே உள்ளே போவது கஷ்டம். வாய்க்குள் சுரண்டினாலும் போகாத வெள்ளையோ சிவப்போ இருந்தால் இம்பிளான்டை மறந்துவிட்டு அதை உடனே காட்டுங்கள். இலங்கை ஆண்களிடம் மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான்.

இனிச் சட்டம். பல் வைத்தியம் செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்திருக்க வேண்டும். பதிவு இலக்கம் அவருடைய முத்திரையில் இருக்கும், சபையின் இணையத்தளத்தில் பெயரைத் தேடியும் பார்க்கலாம். பல் செட் கட்டித் தரும் தொழிலாளி எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் எலும்பில் கை வைக்க அனுமதி இல்லாதவர். பதிந்த பல் வைத்தியரிடமும் "இதை எங்கே படித்தீர்கள், எத்தனை செய்திருக்கிறீர்கள்" என்று கேட்கலாம், அது மரியாதைக்குறைவு இல்லை. அடுத்தது இடம். தனியார் பல் கிளினிக்குகள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபையில் பதிய வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். திருகாணிக்கும் விதி உண்டு: 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மருத்துவ உபகரணங்கள் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவாக வேண்டும். யாரோ பயணப் பையில் கொண்டுவந்து கொடுத்த சாமான் என்றால் பின்னால் கேட்க ஆளில்லை.

என் மாமி ஒருவர் வெளியூரில் போட்டுக்கொண்டார். மூன்று வருடம் கழித்து, திருகாணிக்கு மேலே பூட்டிய பல் ஆடத் தொடங்கியது. ஊரில் காட்டியபோது பல் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "இது எந்தக் கம்பனி?" மாமிக்குத் தெரியாது. போட்ட இடத்தில் தொலைபேசியை எடுப்பாரில்லை. ஒவ்வொரு கம்பனியின் திருகும் சாவியும் வேறு வேறு. பெயர் தெரியாமல் கழற்றப்போனால் உள்ளதும் உடையும். எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகித்து, சாவி தேடிப் பிடிக்க இரண்டு மாதம் போனது. இம்பிளான்ட் பெட்டிக்குள் ஒட்டும் லேபிள் வரும், அதில் கம்பனி, அளவு, தொகுதி இலக்கம் எல்லாம் இருக்கும். அதில் ஒன்றை உங்கள் கொப்பியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். படம் எடுத்துத் தொலைபேசியிலும் வையுங்கள்.

விலையை எழுத்தில் கேளுங்கள். "ஒரு பல் இவ்வளவு" என்பது சில இடங்களில் திருகாணிக்கு மட்டும். மேலே பூட்டும் பல், அதைத் திருகாணியோடு இணைக்கும் துண்டு, ஸ்கான், எலும்பு நிரப்புதல் எல்லாம் தனித்தனி. கழன்றால் திரும்பப் போடுவது யார் செலவு என்பதும் அந்தக் கடதாசியில் இருக்கட்டும். கீழ்தாடையில் நரம்பு ஓடுகிறது, பட்டால் உதடு விறைக்கும். மேல்தாடைக்கு மேலே சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. எந்த ஸ்கானை வைத்து அளந்தார்கள் என்று கேட்டு, அதன் பிரதியையும் வாங்குங்கள். சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளங்கப்படுத்திய பிறகு ஒப்பமிடுங்கள்.

காசு கட்டினால் பில். தர மறுத்தால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்குச் சொல்லலாம். வைத்தியரின் நடத்தை பற்றிய முறைப்பாடு மருத்துவ சபைக்கு, கிளினிக் பற்றியது ஒழுங்குபடுத்தல் சபைக்கு. மருத்துவ சபை பதிவில் கை வைக்கலாம், உங்கள் காசை வாங்கித் தராது. நட்டஈட்டுக்கு நீதிமன்றம்தான் போக வேண்டும். கொழும்புக்கு அனுப்புவதால் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டியதில்லை. அரசாங்க அலுவலகத்தோடு தமிழில் எழுதிப் பதிலையும் தமிழில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. லேபிள், பில், ஸ்கான் மூன்றின் பிரதியையும் கடிதத்தோடு இணையுங்கள், அசலைக் கொடுத்துவிடாதீர்கள்.