வளவு வெயிலைக் கணினியில் வரவழைப்பது எப்படி?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் உள்ளதுபோன்ற, நடுவே ‘வளவு’ எனும் திறந்த முற்றம் கொண்ட நகரத்தார் வீடு ஒன்றை அனிமேஷன் படத்துக்காகக் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சுவர், தேக்குத் தூண், கூரை ஓடு ஆகியவற்றை வடிப்பது மாடலிங். பாத்திரங்களுக்கு எலும்பும் மூட்டும் பொருத்துவது ரிக்கிங். அவர்களை நடிக்க வைப்பது அனிமேஷன். இத்தனையும் முடிந்த பிறகும் வீடு அட்டை வீடாகவே நிற்கும். அதற்கு உயிர் கொடுப்பது வெளிச்சம். கணினி அதிக நேரம் உழைப்பதும் அங்கேதான்.

முதலில் தரை. இந்த வீடுகளில் பதிக்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சாயம் கலந்த சிமெண்டை ஊற்றி வார்க்கிறார்கள். கண்ணாடியில் பட்ட முகம் வழவழப்பாகிறது. இந்த வழவழப்பைக் கணினிக்குச் சொல்லும் எண் ‘ரஃப்னஸ்’. 0 என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி, 1 என்றால் துளியும் மினுங்காத பரப்பு. தரை முழுக்க ஒரே எண்ணைக் கொடுத்தால் பிளாஸ்டிக் தாள் விரித்ததுபோல் தெரியும். ஆள் புழங்கும் தடத்தில் எண்ணைக் குறைத்து, தூணடியிலும் மூலைகளிலும் கூட்ட வேண்டும். கைவார்ப்பு என்பதால் ஒரு கல்லின் கோடு இன்னொன்றில் அச்சு அசலாக வராது. ஏழெட்டு மாதிரிகளாவது செய்து கலைத்துப் பதிக்க வேண்டும்.

இனி வெயில். ரெண்டரிங்கில், அதாவது கணினி கணக்கிட்டுப் படத்தை உருவாக்கும் கட்டத்தில், ஒளியைத் தலைகீழாகத் தேடுகிறோம். கேமராவிலிருந்து படத்தின் ஒவ்வொரு பிக்சல் (புள்ளி) வழியாகவும் கதிர்களை அனுப்பி, அவை எதில் மோதி, எங்கே திரும்பி, சூரியனையோ வானத்தையோ சேர்கின்றன என்று பார்க்கிறோம். இதன் அடிப்படைச் சமன்பாட்டை ஜிம் கஜியா 1986இல் வெளியிட்டார். முற்றத்துத் தூணுக்கு இது எளிது, மேலே திறந்த வானம். வளவை ஒட்டிய அறைக்குள் போனால்தான் சிக்கல். வெயில் செங்காவிக் கல்லில் பட்டு, அந்தச் சிவப்பைக் கொஞ்சம் ஏந்திக்கொண்டு, சுண்ணாம்புச் சுவரில் மோதி, கதவு நிலையைத் தாண்டி உள்ளே வருகிறது. இரண்டு மோதலோடு நிறுத்தினால் அறை இருண்டுவிடும். ஆறு, எட்டு வரை விட வேண்டும். விட்டாலும் பல கதிர்கள் வெளிச்சத்தைக் காணாமலே அறைக்குள் சுற்றி வீணாகும். அதனால் படமெங்கும் மணல் தூவியதுபோல் பொடிப் புள்ளிகள் தெரியும்.

புள்ளிகளைப் பாதியாக்கக் கதிர்களை நான்கு மடங்காக்க வேண்டும், பிக்சலுக்கு 256 இருந்த இடத்தில் 1,024. நொடிக்கு 24 வீதம் 90 நிமிடப் படத்துக்கு 1,29,600 ஃபிரேம்கள், அதாவது தனிப் படங்கள். ஒன்றுக்கு 5 மணி நேரம் என்றால் ஒரே கணினியில் 74 ஆண்டுகள். 1,000 கணினிகள் சேர்ந்தால் 27 நாள். அதனால்தான் முற்றத்தின் திறப்பிலும் சன்னல்களிலும் வெளிச்சம் வரும் வழியைக் கணினிக்குக் காட்டும் ‘போர்ட்டல்’ வைத்து, கதிர்களை அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். மிஞ்சிய புள்ளிகளை டீநாய்சர் என்னும் மென்பொருள் துடைக்கும். கதிர் மிகக் குறைந்தால், பளபளத் தரையில் தெரியும் தூணின் பிம்பத்தையும் சேர்த்தே துடைத்துவிடும். ஓடும் காட்சியில் தரை நெளியும்.

தரையில் தெறித்த வெயில் சுவரில் வெள்ளைப் பொட்டுகளாகச் சிதறுவது இன்னொரு தொல்லை. ஒளிக்கு உச்சவரம்பு வைத்தால் பொட்டுகள் மறையும், ஆனால் அந்தச் செவ்வொளியும் மங்கும். வரம்பை மெல்ல மெல்ல இறக்கிப் பார்ப்பதே சரி.

வெயில், வானொளி, விளக்கு மூன்றையும் தனித்தனி அடுக்குகளாக எடுத்து வைப்பதும் அவசியம். முகப்பு விளக்கைக் குறைக்கச் சொல்லி இயக்குநர் கேட்டால் அடுக்குகளை ஒன்றாகச் சேர்க்கும் கம்போசிட்டிங்கிலேயே சில நிமிடங்களில் முடித்துவிடலாம். சூரியனை நகர்த்தச் சொன்னால் மட்டும் அந்தக் காட்சியை மறுபடி ரெண்டர் போட வேண்டும்.